ஒசாகாவில் சிரித்த குரல்

...கனம் என்றால் அப்படியொரு கனம், ஒற்றைக் கையால் தூக்க முடியவில்லை, ஆறு பிளக் செருகுகிற ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு இத்தனை கனம் எதற்கு, வீட்டில் கிடக்கிற வெள்ளை பிளாஸ்டிக் பெட்டி கால் பட்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடிவிடுகிறது, இது முழுக்கப் பித்தளை, உள்ளே மணல் வேறு கொட்டி நிரப்பியிருக்கிறார்களாம், அதிர்வு கூடாதாம்... மின்சாரத்துக்கு என்ன அதிர்வு? தொகிதா பெட்டியைக் கண்ணாடி மேஜைமேல் மெதுவாக வைத்தார், வைத்துவிட்டு மறுபடி தூக்கிப் பார்த்தார். கனம் அவருக்குப் பிடித்திருந்தது. பெட்டி நன்றாக இருந்தால் கரண்ட் சிந்தாமல் போகும், கரண்ட் ஒழுங்காகப் போனால் டேப் மிஷின் ஒழுங்காகச் சுற்றும், மிஷின் ஒழுங்காகச் சுற்றினால் மிசாவோ மறுபடி சிரிப்பாள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை இந்தக் கடைக்கார அம்மாளிடம் எப்படிச் சொல்வது, செத்து முப்பத்தைந்து வருஷமான பெண்டாட்டியின் சிரிப்பு கெட்டுப்போய்விட்டது, அதைச் சரிபண்ணுகிற மாதிரி ஒரு பெட்டி காட்டுங்கள் என்றா? மூன்று மாடி ஏறி வந்த மூச்சே இன்னும் அடங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே டோக்கியோவின் எலக்ட்ரிக் கடைத்தெருவான அகிஹபராவில் மழை, கீழே குடைகள், ரயில் பாலத்தின் மேல் மஞ்சள் ரயில் போகும்போதெல்லாம் கண்ணாடி மேஜை லேசாக நடுங்குகிறது. மணல் இதற்குத்தானோ என்னவோ.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் குரல் வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தங்கை கினுவே பார்த்துக் கொடுத்த வீடு, ஓய்வு பெற்ற பிறகும் ஒசாகாவிலேயே தனியாக என்ன கொட்டிக் கிடக்கிறது, டோக்கியோவுக்கே வந்துவிடு என்று வருஷக்கணக்காக அரித்துக்கொண்டிருந்தாள், வந்தாகிவிட்டது. சாமான் பிரித்து, கடைசிப் பெட்டியிலிருந்து டேப் மிஷினை எடுத்துத் துடைத்து, மிசாவோ பேசிய ஐந்து டேப்புகளில் ஐந்தாவதைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தால்... யார் இது? மெதுவாக, கனத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு பெண். வார்த்தைகள் அதே வார்த்தைகள்தான், அவருக்கு மனப்பாடமானவைதான், ஆனால் பேசுகிறவள் மிசாவோ இல்லை. மிசாவோவின் குரல் பொடிக்குரல், சிட்டாகப் பறக்கும், ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்த வாக்கியத்தில் கால் வைத்திருப்பாள். கடைசியில் வருகிற அந்தச் சிரிப்பு... அது சிரிப்பாகவே இல்லை. என்னவோ இழுத்துக்கொண்டு போயிற்று. அவர் எழுந்து மிஷினை நிறுத்திவிட்டார். பழைய கட்டடம், ஒரே பாயின்டில்தான் ஃப்ரிட்ஜும் ஏசியும் சோறு வேகிற குக்கரும் தொங்குகின்றன, ஃப்ரிட்ஜ் உதறிக்கொண்டு கிளம்பும்போது விளக்கே ஒரு கணம் மங்குகிறது, அந்த வெள்ளைப் பெட்டியைத் தொட்டால் சூடு. பாவம், மோட்டார் என்ன செய்யும், குடிக்கக் கஞ்சி இல்லாதவன் வண்டி இழுக்கிற மாதிரி இழுக்கிறது. கரண்ட் போதவில்லை. வேறென்ன இருக்க முடியும்?

"கனத்தப் பாத்தே வாங்கிடாதீங்கய்யா, செருகிப் பாருங்க" என்றாள் கடைக்கார அம்மாள். சட்டைப் பையில் நுகதா என்று பெயர்ச்சீட்டு. ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் கண்ணாடி தொங்க, யாரையும் அடித்துப் பேசுகிற வாய். ஒரு பிளக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள், செருகினார், கடக் என்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது, இழுத்தால் வரவில்லை. "பாத்தீங்களா, புடிச்சா விடாது. சுவிட்ச் கெடையாது, சிவப்பு லைட்டும் கெடையாது. அந்தப் பொட்டு வெளிச்சம்கூடப் பாட்டுல பங்கு கேக்கும்னு சொல்ற ஆளுங்க இங்க வர்றாங்க." பக்கத்தில் பச்சைத் தொப்பி போட்ட ஒருவர், இந்தக் கடையிலேயே குடியிருக்கிறவர் போல, அலமாரியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பெட்டி என்ன பெட்டி. கம்பத்துலயே கோளாறு. பக்கத்து வீட்டுக்காரன் துணி தொவைக்கிறதெல்லாம் என் ஸ்பீக்கர்ல கேக்குது. அதான் எங்க வீட்டுக்குன்னே வாசல்ல தனியா ஒரு கரண்ட் கம்பம் நட்டுட்டேன்." நுகதா விடவில்லை. "வீட்டுக்காரம்மா ஒண்ணும் சொல்லலையா?" "சொன்னா. சொல்லிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா. இப்ப சத்தம் இன்னும் தெளிவா இருக்கு." இருவரும் சிரித்தார்கள், தொகிதாவும் சிரித்து வைத்தார். தனிக்கம்பம் நட்டாவது ஒரு சத்தத்தைச் சுத்தமாகக் கேட்க வேண்டும் என்கிற கிறுக்கு, அவருக்கு அது கிறுக்காகப் படவில்லை, வாசலில் இடம் இருந்தால் அவரும் நட்டிருப்பார்.

இதே தெருவில்தான் அவரும் மிசாவோவும் இரண்டு டேப் மிஷின்கள் வாங்கினார்கள், கடை இப்போது இல்லை, அந்த இடத்தில் பொம்மை விற்கிறார்கள். ஒசாகா உலகக் கண்காட்சிக்கு முந்திய வருஷம், அவருக்கு முப்பது வயது, தண்ணீர்க் குழாய் பதிக்கிற வேலைக்கு ஒசாகாவுக்கு மாற்றல், படுக்கையில் கிடந்த அவருடைய அப்பாவைப் பார்த்துக்கொள்ள மிசாவோ டோக்கியோவிலேயே தங்க வேண்டியிருந்தது. வீட்டில் போன் கிடையாது. அவருக்குக் கடிதம் எழுத வராது, பேனாவைப் பிடித்தால் அளவுதான் எழுத வரும், இத்தனை அங்குலம் இத்தனை அடி. ஒரே மாதிரி இரண்டு வாங்கலாம், ஒன்று உனக்கு ஒன்று எனக்கு, பேசி அனுப்புவோம் என்று அவர்தான் சொன்னார். அவள் கடையிலேயே வெட்கப்பட்டாள், மிஷினைப் பார்த்து யாராவது பேசுவார்களா என்று. பிறகு என்னமாய்ப் பேசினாள்... தொழிலாளர் விடுதியில் ஆறு பாய் விரிக்கிற அளவு அறையில் உட்கார்ந்து முதல் டேப்பைப் போட்டபோது அவளுடைய கீச்சுக் குரல் துள்ளிக்கொண்டு வந்தது, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, மிஷினில் எல்லோர் குரலும் இப்படித்தான் மெலிந்துவிடும் போல என்று நினைத்துக்கொண்டார். அவருடைய குரலைப் பேசிப் போட்டுப் பார்த்தார், அது சரியாகத்தான் கேட்டது. சரி, இவள் சந்தோஷமாக இருக்கிறாள், அதான் இந்தத் துள்ளல். அந்த நினைப்பில் அவரும் சந்தோஷமாக இருந்தார். உண்மையைச் சொல்வதென்றால் அவர் வாழ்க்கையிலேயே அப்படிச் சந்தோஷமாக இருந்த குளிர்காலம் வேறு இல்லை, பகலெல்லாம் சேற்றில் குழாய், சாயந்தரம் கூட்டாளிகளோடு சுடச்சுட தகோயாகி உருண்டைகள், குடிக்க சாக்கே, பாட்டு, திரும்பி வந்து போர்வைக்குள் மிசாவோவின் சிரிப்பு. புத்தாண்டுக்கு ஊருக்குப் போகவில்லை, வேலை நெருக்கடி என்று சொல்லி அனுப்பினார், நெருக்கடி பாதி நிஜம். சனவரியில் ஐந்தாவது டேப் வந்தது. "மாமாவுக்கு இன்னைக்குக் கஞ்சி எறங்குச்சு. இங்க ஒண்ணும் இல்ல, எல்லாம் நல்லா இருக்கு. உங்க குரல்தான் ஏன் இப்படி இருக்கு, ஒவ்வொரு டேப்லயும் அடிச்சுப் போட்ட மாதிரி... ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. என்னைப் பத்தி நெனச்சு அலைய வேணாம். நல்லாத் தூங்குங்க." பிறகு அந்தச் சிரிப்பு. கிண்டல் பண்ணுகிறாள் என்று அவரும் சிரித்தார். பிப்ரவரியில் தந்தி. நுரையீரலில் நீர் கோத்து இரண்டு மாதமாக இருந்ததாம், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், புருஷனுக்குச் சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டாளாம். ஏன் சொல்லவில்லை? சிரித்துச் சிரித்துப் பேசினாளே... முப்பத்தைந்து வருஷமாக இந்தக் கேள்வியின் முன்னால் அவர் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். கடைசிவரை சந்தோஷமாகத்தான் இருந்தாள், அவளுக்கே தன் நோய் பெரிதாகத் தெரியவில்லை, அதற்குச் சாட்சி இதோ டேப்பில் இருக்கிறது.

"என்னத்துக்குய்யா, ஆம்ப்ளிஃபயரா?" நுகதா கேட்டாள். "பழைய டேப் மிஷினுங்க" என்றார், "பெரிய சக்கரம் வச்சது. இங்க வந்ததுல இருந்து மெதுவாச் சுத்துதுங்க. கரண்டு பத்தல." அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பேச்சைப் பாத்தா ஒசாகா மாதிரி இருக்கே. ஒசாகாக்காரங்க பேரம் பேசாம விடமாட்டாங்களே, நீங்க வெலகூடக் கேக்கலையே." பச்சைத் தொப்பி சிரித்தது. "மிஷினும் ஒசாகாவுல ஓடினதா?" ஆமாம் என்றார். "அப்ப பெட்டிய வைங்க கீழ. மலையத் தூக்கிட்டுப் போனாலும் உங்களுக்கு உதவாது. அங்க கரண்டு செகண்டுக்கு அறுபது துடிப்பு, இங்க அம்பது. பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்களே. பழைய மிஷின் அந்தத் துடிப்பு எண்ணிக்கையிலதான் சுத்தும். இங்க அஞ்சு சுத்து சுத்துற நேரத்துல அங்க ஆறு சுத்து சுத்தியிருக்கும், அவ்வளவுதான். மோட்டார் தலையில ஒரு பித்தளைக் குமிழ் இருக்கும், அத மாத்தினா தீந்துது." தொகிதாவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அவ்வளவுதானா? குழாய் பதித்த என்ஜினியர், ஜப்பான் நடுவில் கோடு கிழித்த மாதிரி கிழக்கே ஐம்பது மேற்கே அறுபது என்பது தெரியாதா, மரமண்டை, ஒரு குமிழ், ஒரே ஒரு குமிழ்... மிசாவோ திரும்பி வந்துவிட்டாள். ஆனால் நுகதா விட்டபாடில்லை, விவரமான கடைக்காரிகளிடம் இதுதான் தொல்லை. "மிஷின் அங்கயே வாங்கினதா?" இல்லை, இங்கே, இதே தெருவில், அறுபத்தொன்பதில். "கொண்டு போனப்ப குமிழ் மாத்தினீங்களா?" இல்லை. எந்தக் குமிழ்? யாரும் சொல்லவில்லையே. "டேப்பு எங்க பதிஞ்சது?" இங்கே. டோக்கியோவில். வீட்டில். "அப்ப இங்க இப்பக் கேக்குறதுதான்யா நெஜக் கொரலு. ஒசாகாவுலதான் தப்பா ஓடியிருக்கு."

தொகிதா பித்தளைப் பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றார், சில்லென்று இருந்தது. ஒரு ரயில் போயிற்று. நிஜக்குரல். கிணற்றுக்குள்ளிருந்து வந்த அந்தப் பெண்தான் மிசாவோவா, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாளே, அவளா? கடைசியில் வந்ததே... அது சிரிப்பாக இருக்க வேண்டுமென்றால் அவள் வேகமாகச் சிரித்திருக்க வேண்டும், வேகமாகச் சிரிக்கவில்லை என்றால் அது என்ன, இருமலை அடக்கினாளா, அழுதாளா? இருமலை ஆறு சுற்றில் ஓட்டினால் சிரிப்பு மாதிரிக் கேட்குமா? முப்பத்தைந்து வருஷமாக எதைக் கேட்டு நான் தூங்கினேன்? பச்சைத் தொப்பிக்காரர் தன்னுடைய கம்பத்தைப் பற்றி வேறு யாரிடமோ ஆரம்பித்துவிட்டார். நுகதா குரலைத் தணித்துக்கொண்டு, "யாரு கொரல்யா அது?" என்றாள். "வேணும்னா ஒண்ணு இருக்கு," அவளாகவே சொன்னாள், "கரண்ட அறுபதாக்கிக் குடுக்குற பெட்டி. அத வச்சா ஒசாகாவுல கேட்ட மாதிரியே கேக்கும். பழக்கமான மாதிரி." எடுத்துவந்து வைத்தாள், கறுப்பாக, சின்னதாக, பின்னால் ஒரே ஒரு துளை. இதில் செருகினால் சிரிப்பாள். சுவரில் செருகினால்... தெரிந்த பிறகும் அந்தச் சிரிப்பு சிரிப்பாகக் கேட்குமா? காது ஒப்புக்கொள்ளுமா?

இன்னொன்று அவருக்குள் மெல்ல நகர்ந்து வந்தது, வராதே என்று நினைத்தார், வந்தேவிட்டது. அவர் பேசி அனுப்பிய டேப்புகள். அதே குமிழோடு ஒசாகாவில் பேசி, டோக்கியோவில் அவளுடைய மிஷினில் ஓடியவை. அங்கே ஆறாகப் பதிந்தது இங்கே ஐந்தாகத்தானே சுற்றியிருக்கும்? சாக்கே வாசனையோடு, கூட்டாளிகளின் பாட்டு காதில் இருக்க, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு அவர் பேசியதெல்லாம் அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும், இழுத்து, கனத்து, அடிச்சுப் போட்ட மாதிரி... அவள் கிண்டல் பண்ணவில்லை. தன் காதில் விழுந்ததைத்தான் சொன்னாள். அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டு, இருமிக்கொண்டு, மிஷின் முன்னால் உட்கார்ந்து, தூரத்தில் ஒரு மனுஷன் இப்படித் தேய்ந்துபோகிறானே, இவனிடம் போய் என் நோயை எப்படிச் சொல்வது என்று... ஒரு டேப்பிலாவது, ஒரே ஒரு டேப்பிலாவது, குரல் ஏன் இப்படி இருக்கு என்ற அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னேனா? கிண்டலுக்கு யாராவது பதில் சொல்வார்களா?

"என்னய்யா, மொகமே வெளுத்துப் போச்சு" என்றாள் நுகதா, ஸ்டூலை இழுத்துப் போட்டு. "ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. உக்காருங்க மொதல்ல."

"இல்ல," என்றார் தொகிதா. குரல் மேஜைக்கு அந்தப் பக்கம் போனதா என்பதே தெரியவில்லை, இன்னொரு தடவை, வேகமாக, துள்ளலாக வரவேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "நான் களைச்சுப் போகலீங்க. களைப்பே இல்ல. நல்லாத்தான் இருந்தேன்." அவள் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு, கறுப்புப் பெட்டியா பித்தளைப் பெட்டியா, எதைக் கட்ட என்று கேட்டாள்.