கத்தரியில் சுற்றிய துணி

எனக்கு மூட்டுவாதம். காலையில் விரல்கள் மடங்காது. தையல் கடைக்கு அரை மணி முன்னதாகவே வந்து, வெந்நீரில் கையை ஊறவைத்த பிறகுதான் துணி வெட்டுவேன். கத்தரியின் பிடியில் பழைய பனியன் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தேன். ஆறு வருடமாக ஒரு வெட்டும் பிசகியதில்லை. விஷயம் தெரிந்தவள், கூட வேலை செய்யும் நாத்தனார் மட்டும்தான்.

அவள் முதலாளியிடம் சொல்லிவிட்டாள். எனக்குப் பட்டன் தைக்கும் மூலை. வெட்டும் மேசை அவளுக்கு.

"உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன், அண்ணி" என்றபடி கத்தரியை எடுத்து வெட்டிப் பார்த்தாள். "இந்தத் துணி நல்லா இருக்கு. கையே வலிக்கல."

கூடவே இருந்து குழி பறித்தவளுக்கு என் துணியில் சொகுசு வேறு.

"கத்தரி கடையோடது. துணி என்னோடது" என்று முடிச்சை அவிழ்த்தேன். விரல்கள் நன்றாகவே மடங்கின.