இழுக்கும், தள்ளாது

குருநகர்க் கரையில் கட்டியிருந்த அடைக்கலநாதனின் இயந்திரப் படகுக்குள் ஒரு மத்தியானம் கடல்நீர் ஏறி, இயந்திரம் மூழ்கியது. படகின் அடியில் நீர் சேர்ந்தால் ஊத வேண்டிய ஹோன் ஊதவில்லை. அந்த எச்சரிக்கைப் பெட்டியைச் செய்து பொருத்தியவன் கனிசியஸ். அடைக்கலநாதனின் மனைவி அற்புதராணிக்குத் தம்பி, றேடியோ திருத்துபவன்.

காவலுக்கு நின்ற மரியநாயகத்தின் மேல் பழி விழுந்தது.

"ஹோன் ஊதேல்லை, சம்மாட்டி. கேக்கிற தூரத்திலைதான் வலை பொத்திக்கொண்டிருந்தனான்."

"ஹோனைப் பற்றறியிலை நேரை குடுத்துப் பாத்தனான், ஊதுது. பெட்டியும் என்ரை கண்ணுக்கு முன்னாலை வேலை செய்தது. நீ கள்ளுக்குப் போயிட்டாய். இனி வராதை" என்றார் அடைக்கலநாதன்.

மரியநாயகம் கரையை விட்டுப் போய்விட்டார்.

கனிசியஸ் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்து பிரித்தான். உள்ளே இருந்த மின்னணுச் சில்லு இரண்டு வோல்ற்றளவுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது. படகின் அடியில் விடும் கம்பி நனைந்தால் அவற்றில் ஒன்று மாறும். உடனே சில்லின் முடிவை வெளியே தரும் வெளிக்காலும் நிலை மாறும். கடையில் சோதித்தபோது வெளிக்காலுக்கும் பற்றறியின் நேர்முனைக்கும் நடுவில் சின்னச் சிவப்பு விளக்கொன்றைப் போட்டிருந்தான். கம்பியை நீரில் விட்டதும் வெளிக்கால் மின்னைக் கீழே இழுத்தது, விளக்கு எரிந்தது. அதைத்தான் அடைக்கலநாதனும் பார்த்தார்.

படகில் விளக்கு இல்லை. ஹோனை இயக்கும் திரான்சிஸ்ரருக்கு மேலிருந்து மின் வரவேண்டும் என்று, நீர் வந்தால் வெளிக்கால் உயரும்படி உள்ளீடுகளை மாற்றிப் பூட்டியிருந்தான். பிறகு சோதிக்கவில்லை. இப்போது மீற்றரை வைத்துப் பார்த்தான். கம்பி நனைந்தபோதும் வெளிக்காலில் ஒன்றும் இல்லை. அந்தக் காலுக்கு இழுக்க மட்டுமே தெரியும். மற்ற நேரம் கையை விட்டுவிடும். மேலே தூக்க நேர்முனையிலிருந்து ஒரு மின்தடை தனியே போட வேண்டும். அவன் போடவில்லை.

அக்காவிடம் சொன்னான்.

"இவர் இப்பதான் ஆறியிருக்கிறார். ஏன் கிளறுறாய்?"

"மரியநாயகம் அண்ணை வேலையில்லாமல் இருக்கிறார், அக்கா."

அடைக்கலநாதன் கரையில் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கனிசியஸ் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"அப்ப அவன் சொன்னது உண்மையோ?"

"ஓம், அத்தான். பிழை என்ரை."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு மரியநாயகத்தின் வீட்டுப் பக்கம் நடந்தார். திரும்பி வந்தபோது தனியாகவே வந்தார். மரியநாயகம் பாசையூரில் வேறொரு படகில் சேர்ந்திருந்தார். திரும்பி வர மறுத்துவிட்டார்.

கனிசியஸ் சுற்றை மாற்றினான். நீர் வந்தால் வெளிக்கால் இழுக்கட்டும் என்று விட்டு, அந்த இழுப்பில் வேலை செய்யும் வேறு வகைத் திரான்சிஸ்ரரைப் போட்டான். நீர் இல்லாத நேரம் வெளிக்காலிலிருந்து திரான்சிஸ்ரருக்குப் போகும் கம்பியை மேலே நிறுத்தி வைக்க ஒரு மின்தடையும் சேர்த்தான். இழுக்க மட்டும் தெரிந்த கால்கள் ஒன்றோடொன்று சண்டை பிடிக்காது. அதனால் இயந்திர அறைக்கும் மீன் அறைக்கும் வெவ்வேறு கால் வைத்து, இரண்டையும் அதே கம்பியில் முடிந்தான். எது இழுத்தாலும் ஹோன் ஊதும். அடைக்கலநாதன் இரண்டு அறையிலும் வாளியால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். இரண்டு தரமும் ஊதியது.

அடுத்த மாதம் மரியநாயகம் கடைக்கு வந்தார். கனிசியஸ் எழுந்து நின்றான்.

"அண்ணை, நான்..."

"உன்ரை அத்தான் வந்து சொன்னவர். அதை விடு. எங்கடை படகுக்கும் உப்பிடி ஒண்டு வேணுமாம். செய்வியோ?"

"செய்யிறன்."

"படகிலை வைச்சுச் சோதிச்சுக் காட்டினாப் பிறகுதான் எடுப்பன்" என்று சொல்லிவிட்டு, வாங்கில் உட்கார்ந்தார்.