காஞ்சா மாறும்

1

"போனதும் மொதல்ல வண்டிய பாக்கணும்."

"டாக்டர் இன்னா சொன்னாரு? தூசு கீசு..."

"என் வண்டில ஏது தூசு? கவரு போட்டு..."

"கவரு மேலதான் ஒரு கூடை தூசு கீது. அத்த தூக்குனா..."

"அப்ப நீ தூக்கு. நான் தள்ளி நின்னு பாக்கறேன்."

"நான் தூக்க மாட்டேன்யா."

"ஏன்?"

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். பூந்தமல்லிப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில், சொட்டு மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தேன். பின்னால் இந்த இரண்டு குரல்கள், ஒன்று முடியுமுன் மற்றொன்று. நான் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் முகம் கிடைத்திருக்கும், கதை போயிருக்கும். என் கதைகளுக்குள் ஆட்கள் பேசிக்கொண்டேதான் நுழைவார்கள்; மூக்கு, முழியெல்லாம் பிறகு நான் வைப்பது. 'ஏன்' என்ற கேள்விக்கு அந்தம்மாள் வாய் திறப்பதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மருந்தோடு திரும்பியபோது அவர்கள் இல்லை.

கண் கட்டுப் பிரித்த அன்று ஒருவர் தன் காரைப் பார்க்க ஆசைப்படுகிறார். மனைவி உறையைத் தூக்க மாட்டேன் என்கிறாள். இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

துரு என்பது இரும்புக்கு வரும் முதுமை. அதோடு மல்லுக்கு நிற்கும் மனிதன்...

[அடித்துவிட்டேன். துரு துருதான்.]

பிறகு இப்படி:

முத்தாபுதுப்பேட்டையில், மழைக்கு மழை தெரு உயர்ந்து வீடுகள் பள்ளத்தில் நிற்கும் ஒரு சந்தில்...

[இதுவும் நின்றுபோயிற்று. வீடு மட்டும் அங்கேயே இருக்கட்டும்.]

ஆட்களுக்குப் பெயர் வைத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. அவர் அமல்ராஜ். அவள் ராணி. அமல்ராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் ஒரு கம்பெனியில் பெயிண்ட் பிரிவில் இருந்தவர். அங்கே நிறம் கலப்பது அவர் வேலை. சாம்பிளாக ஒரு தகரத் துண்டைக் காட்டினால் போதும், டப்பாக்களைத் திறந்து குச்சியால் கலக்கி அதே நிறத்தைக் கொண்டுவந்துவிடுவார். வீட்டிலும் அவர் சொன்னதுதான் நிறம். ராணி நாவல்பழ நிறம் என்று சேலை வாங்கி வருவாள். அவர் அதைக் கத்தரிப்பூ என்பார். அன்று முதல் அது கத்தரிப்பூச் சேலை.

ஓய்வுக்குப் பிறகு மாங்காட்டில் ஒரு கொட்டகையில் கிடந்த பழைய பியட் காரை வாங்கி, குட்டி யானை வேனில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கினார். உள்ளே உட்கார்ந்தால் கால் வழியே தரை தெரிந்தது.

"இத்த வண்டின்னு எவன்யா சொன்னான்? கோழி அடைக்கலாம்."

"பாத்துகினே இரு."

பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். சென்னீர்குப்பத்திலிருந்து வெல்டர் பாபு வந்து அரித்த தகரத்தை வெட்டி எறிந்து புதுசு வைத்துப் பற்றவைத்தான். அமல்ராஜ் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தார், பள்ளம் நிரவப் பட்டி பூசினார், தண்ணீர் ஊற்றி உப்புப் பேப்பர் போட்டார், மறுபடி பட்டி, மறுபடி பேப்பர். ராணி திட்டிக்கொண்டே தண்ணீர் மொண்டு கொடுத்தாள். ஒரு நாள் டேஷ்போர்டைக் கழற்றியபோது, அதன் அடியில் கம்பெனி அடித்த அசல் பெயிண்ட் உள்ளங்கையளவு பிழைத்திருந்தது. வெளிர் நீலம்.

"இதான். இத்தத்தான் அடிக்கப் போறேன்."

பெயிண்ட் கடையில் மிஷின் வைத்து அளந்து கலந்து தருகிறோம் என்றார்கள். "மிஷினு வந்து என்னாண்ட கத்துக்கினு போவட்டும்" என்று சொல்லிவிட்டு டப்பாக்களோடு வந்துவிட்டார்.

3

இந்த இடத்தில்தான் உறைக்குக் காரணம் கிடைத்தது.

அமல்ராஜுக்குக் கண்ணில் புரை. பேப்பர் படிக்க வெளிச்சத்துக்கு நகர்ந்து நகர்ந்து வாசற்படிக்கே வந்துவிட்டார். ஆனாலும், "எழுத்த சின்னதா போட்டுட்டானுங்க" என்றார்.*

அவர் கலந்ததை ஒரு டப்பா மூடியில் தடவி, டேஷ்போர்டு நீலத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தலையைச் சாய்த்தும் பார்த்தார். "ஒட்டிப் பொறந்தாப்ல கீது" என்று மூடியை அடுப்படிக்கே கொண்டுவந்து காட்டினார். ராணி கெளுத்தி மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் திருப்பாமலே "ம்" என்றாள்.

பெயிண்ட் அடிக்கும் நாளில் அவளுடைய பழைய சேலைகளை நனைத்து, தூசி தடுக்க வாசலைச் சுற்றித் தொங்கவிட்டார்கள். முதல் கோட்டு அடித்து முடித்ததும் ஒரு வெள்ளைச் சேலையின் ஓரத்தில் சாரல் படிந்திருந்ததை ராணி பார்த்தாள். பச்சை. தாலுகா ஆபீஸ் சுவரில் பாதி உயரத்துக்கு அடிப்பார்களே, அந்தப் பச்சை.

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறக்காததற்குக் காரணம் அவர்தான். கல்யாணமான புதிதிலிருந்து அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: ஈரத்தில் நிறம் பார்க்காதே, காய்ந்தால் மாறும். பாபு மெதுவாக அவள் பக்கம் வந்தபோதும் அதைத்தான் சொன்னாள்.

"அண்ணி, அண்ணாத்தே நீலம்தானே சொன்னாரு?"

"காஞ்சா மாறும்டா."

மறுநாள் அவள் எழுந்து வருவதற்குள் இரண்டாம் கோட்டும் ஏறியிருந்தது, அதன்மேல் வார்னிஷும். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு பாபு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான்.

"காஞ்சிடுச்சே அண்ணி."

"கம்னு இரு."

வாசலில் அமல்ராஜ் தெருவில் போகிறவரை நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அதே நீலம் சார். மிஷினே இல்லாத."

* புரை முற்றினால் முதலில் மங்குவது நீலமாம். நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசம் பிடிபடாது; மெள்ள மெள்ளப் போவதால் போனதும் தெரியாது. எனக்குக் கண் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன்.

4

இப்போது எனக்கு ராணி மேல் சந்தேகம் வந்தது. கோழி அடைக்கலாம் என்று முகத்துக்கு நேரே சொன்னவள், இதற்கு மட்டும் ஏன் வாயை மூட வேண்டும்? அவளைப் பேசவைத்துப் பார்த்தேன்.

"யோவ், வண்டி பச்சையா கீது." அமல்ராஜ் திரும்பிப் பார்த்து...

[அதற்குமேல் வரவில்லை. ராணி மறுக்கிறாள்.]

சேலை விஷயத்தில் அவருக்கு விட்டுக்கொடுத்தது அவளுக்கு விளையாட்டு. இது அப்படியல்ல. கண் போய்விட்டது என்று சொல்வது ஒன்று. அந்தக் கண் இருந்த காலத்தில் அவர் பேர் வாங்கிய ஒரே வேலையும் போய்விட்டது என்று சொல்வது வேறொன்று. அதை எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டாலோ, ஊரே பார்த்தபின் கடைசியாக அவருக்குத் தெரியும். அன்றைக்கு அவர் கேட்பார்: உனக்கு எப்பலேர்ந்து தெரியும்? ராணிக்கு இரண்டு பக்கமும் இடிக்கிறது.

ஆகவே அவள் ஒரே ஒரு காரியம் செய்தாள். ஆபரேஷனுக்கு அவரைச் சம்மதிக்கவைத்தாள். நாள் குறித்ததும் கடைக்குப் போய் வண்டிக்கு உறை வாங்கி, இழுத்துக் கட்டினாள்.

5

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் உறையைத் தூக்கியதும் அமல்ராஜ் சிரிக்கிறார்: "பச்சையும் நல்லாத்தான் கீது." எழுதும்போதே அவர் குரல் அதில் இல்லை. ஆஸ்பத்திரியில் நான் கேட்ட குரல் அப்படிச் சிரிக்காது.

இன்னொன்றில் எனக்கு நிஜமாகவே ஆசை இருந்தது. பாபு சொல்கிறான்:

"அண்ணி, அவரு ஆஸ்பத்திரில கீற டைம்ல மிஷின்ல கலந்துகினு வந்து நான் அடிச்சிர்றேன். வந்து பாத்தாருன்னா நீலம். மேட்டர் ஓவர்."

"வேற கை அடிச்சா அவுருக்குத் தெரியாதா?"

"கண்ணுதான் அண்ணி தெரியல."

"கட்டு பிரிச்சா தெரியும்ல. அப்ப ரெண்டு பொய் ஆவும்."

பாபு ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டான். நானும் அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துவிட்டேன்.

கோபத்தில் அவர் பெயிண்ட்டையெல்லாம் சுரண்டித் தள்ளுவதாகவும் ஒன்று உண்டு. அதை முடிக்கவே எனக்கு மனம் வரவில்லை. ஆகவே முடிவு என்று எதையும் நான் வைக்கப்போவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவர்களை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன். ராணியின் பதில் உங்கள் பொறுப்பு. அவள் வாயிலிருந்து வரும்படியாக இருந்தால் போதும்.

6

ஆட்டோவில் அமல்ராஜ் கறுப்புக் கண்ணாடிக்குள் ஒரு கண்ணை மூடினார், திறந்தார், மறு கண்ணை மூடினார். ஆபரேஷன் செய்த வலது கண், செய்யாத இடது கண். வழி நெடுக இதே வேலை. ராணி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த போர்டு இன்னாமா அடிக்குது பாரேன். நீலம்."

"ம்."

"இது கத்தரிப்பூ இல்ல ராணி. உன் பொடவை."

"வாங்குனப்போ நீதான சொன்ன."

"அப்ப சரியாத்தான் சொன்னனா?"

"தெர்ல. பேசாத வா, காத்து அடிக்குது."

வீட்டு வாசலில் இறங்கியதும் தண்ணீர் டிரம்மின் முன்னால் நின்றார். அது சாதாரண நீல டிரம். இடம் மாறாமல் வருஷக் கணக்காக அங்கேயே நிற்பது. வலது கண்ணால் பார்த்தார். இடது கண்ணால் பார்த்தார். மறுபடி வலது கண். ராணி ஆட்டோவுக்குக் காசு கொடுத்து அனுப்பினாள்.

"உள்ள வாய்யா. மருந்து உடணும்."

அவர் வண்டியிடம் போனார். உறையின் முடிச்சை அவரே அவிழ்த்தார். முனையைப் பிடித்த கை தூக்கவில்லை, பிடித்தபடியே நின்றது. அவர் திரும்பி ராணியைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால், எந்தக் கண்ணால் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் அப்பால பாத்துக்கறேன்," என்றார். "மொதல்ல நீ சொல்லு. இதுக்குக் கீய இன்னா கலரு கீது?"