ஒரே ஊர், நாலு விமானம்

இன்டர்காம் அலறிய அலறலில் கையிலிருந்த டீ அறிவிப்பாளரின் மடியில் கொட்டியது.

"பிரான்சுக்குப் போற புது விமானம் இன்னிக்குத்தான் முதல் தடவை கிளம்புது, ஞாபகம் இருக்குல்ல?" மேலாளரின் குரல். "பெரிய மனுஷங்க எல்லாம் கீழே வந்து உட்கார்ந்தாச்சு. பதினோரு மணிக்கு நீங்க அறிவிக்கணும். அது முடிஞ்சதும் நான் வரவேற்றுப் பேசுவேன். ஊர் பேர்ல ஒரு பிசகு வரட்டும், நாளையிலேருந்து உங்களுக்குத் தொலைஞ்ச பெட்டி கவுன்ட்டர்தான்!"

அவள் மடியில் கொட்டிய டீயை அவசரமாகத் துடைத்தாள். அந்தக் கவுன்ட்டருக்கு வருகிற ஒவ்வொருவரும், பெட்டியை அவள்தான் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்ட மாதிரி கத்துவார்கள். இந்தக் கண்ணாடி அறையிலோ எட்டு வருடமாக ராஜ வாழ்க்கை. அவள் பேசினால் கட்டடமே கேட்கும். எதிர்த்துப் பேச யாருமில்லை.

சொன்னால் செய்கிறவர்தான் மேலாளர். விடுப்புக் கடிதத்தைக்கூடச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புவார். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் 'திருத்தம்'.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளிநாட்டு ஊர் எதுவானாலும் தமிழ் எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி, எதிரே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, அதைப் பார்த்துத்தான் ஆங்கிலத்தில் அறிவிப்பாள். இன்று சீட்டு காலியாக இருந்தது. அட்டவணையில் பி, ஓ, ஆர், டி என்று ஒழுங்காகப் புறப்பட்ட பெயர், ஈ, ஏ, யு என்று தடுமாறி, கடைசியில் ஓர் எக்ஸில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

செக்-இன் பிரிவிலிருந்து 'லக்கேஜ்' என்று எல்லோரும் அழைக்கும் நண்பனை வரச் சொன்னாள். அவன் மேஜைமீது சாய்ந்துகொண்டு அட்டவணையை உற்றுப் பார்த்தான்.

"இது என்னக்கா பிரமாதம்? போர்டியாக்ஸ்!"

"இருமல் மருந்து மாதிரி இருக்குடா. போர்டாக்ஸா இருக்குமோ?"

"திருத்தத்துக்கிட்டயே கேட்டுடுங்களேன்."

"கேட்டா, அதுக்கும் சிவப்பு மையைத் தூக்கிட்டு வருவாரு அந்த மனுஷன்!"

லக்கேஜின் மச்சான் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர். அவருக்குப் போன் போட்டான். போனில் கேட்கக் கேட்கவே உரக்கச் சொன்னான்.

"அவங்க ஊர்ல போர்தோன்னு சொல்வாங்களாம். இங்கிலீஷ்ல போர்டோ. கடைசி 'டோ'வை அழுத்தணுமாம். எக்ஸ் சும்மா நிக்குதாம், வாயே திறக்காதாம்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லு. அர்த்தம் ஏதாவது உண்டா?"

"தண்ணி ஓரம்னு ஜனங்க சொல்லிக்கிறாங்களாம். படிச்சவங்க அதை ஒத்துக்கறதில்லையாம். பேரு அதைவிடப் பழசாம்."

அவள் நிம்மதியாகச் சீட்டில் 'போர்டோ' என்று எழுதி, ஒட்டுவதற்காக நிமிர்ந்தாள். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லக்கேஜின் முழங்கை வாகாக அதன் பொத்தான்மேல் ஊன்றியிருந்தது.

"டேய், கையை எடுடா!"

விளக்கு அணைந்தது. கண்ணாடி வழியே கீழே பார்த்தாள். ஒரு கூட்டம் இரண்டாம் வாயிலுக்கு ஓடியது. இன்னொரு கூட்டம் அங்கிருந்து ஐந்தாம் வாயிலுக்கு ஓடியது. ஒரு பெரியவர் காவலரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்.

"போர்டியாக்ஸ் விமானம் போயிடுச்சாய்யா? போர்டாக்ஸுக்கு எந்த வாயில்? என் சீட்டு இந்த நாலுல எந்த ஊருக்குன்னு யாராவது சொல்லித் தொலைங்கய்யா!"

முன்வரிசைப் பெரிய மனிதர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேலாளரின் நாற்காலி மட்டும் காலியாகக் கிடந்தது.

மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். லக்கேஜ் மேஜைக்கடியில் புகுந்துகொண்டான். அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். கவுன்ட்டருக்குப் போகச் சொல்லும் முன்னே தானே போய்விடுவது மரியாதை.

மேலாளர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். கதவைத் தாழிட்டார். மைக் விளக்கு அணைந்திருக்கிறதா என்று இருமுறை பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன் வரவேற்புரையை எடுத்து மேஜைமேல் விரித்தார். ஊர்ப் பெயர் வரவேண்டிய இடத்தில் ஏதேதோ எழுதி, ஒவ்வொன்றையும் அவரே சிவப்பு மையால் அடித்திருந்தார்.

"திருத்தம்னு சொன்னதை அப்புறம் பார்த்துக்கலாம்," என்றார் தணிந்த குரலில். "அந்த நாலுல எதும்மா சரி?"