தண்ணீர் வடியட்டும்

மனைவியின் தலைமுடியை அவர் சீவிக்கொண்டிருந்தபோது, மேசைமேல் இருந்த அவளுடைய போன் அடித்தது. மகள் எழுந்தாள். அவர் சீப்பை மகளிடம் கொடுத்துவிட்டுத் தானே போய் எடுத்தார்.

"மேடம், தண்ணி கிடுகிடுன்னு ஏறுது. பெரிய பெரிய மரமா வந்து பாலத்து நடுக்கண்ணுல சிக்கிக்கிச்சு." பாலத்துக் காவலாளி மழை இரைச்சலுக்கு மேலே கத்தினார்.

"மேடம் இல்லப்பா."

"வெளிய போயிருக்காங்களா சார்?"

"விடியக்காலையில போயிட்டா. தூக்கத்துலயே."

காவலாளி குரலைத் தணித்துக் கேட்டார்: "அப்ப இனிமே நான் யாருக்கு சார் சொல்றது?"

"இப்ப இருக்கிற இன்ஜினியர் பொண்ணுக்குச் சொல்லுங்க."

"அவங்களுக்கு முதல்லயே சொல்லிட்டேன். மேடத்துக்கும் ஒரு வார்த்தை சொன்னாத்தான் மனசு ஆறும்."

பொதுப்பணித்துறை இன்ஜினியராக இருந்து அவள் ஓய்வு பெற்ற பிறகும் மழைக்காலத்தில் அந்த வீட்டுக்கு இப்படித்தான் போன் வரும். ஊரில் அவளுக்கு 'பாலத்தம்மா' என்று பெயர். பழைய கல்பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று எல்லோரும் பேசிய காலத்தில், பொதுப்பணி அலுவலகத்தில் ஒற்றை ஆளாக மறுத்தவள். கல் ஒன்றும் சாகவில்லை, தூண்களுக்கு இடையே அடைத்து வைத்திருக்கும் கண்களைத் திறந்து விடுங்கள், தண்ணீர் தன் பாட்டுக்குப் போய்விடும் என்றாள். கரையோரக் கண்களில் சுவர் எழுப்பிக் கிடங்காக வைத்திருந்தவர்களைக் காலி செய்ய வைத்தாள். அதற்காகக் கிடங்குக்காரர் ஒருவர் அவளைத் திட்டாத திட்டு இல்லை.

மழை விட்ட நேரத்தில் மனைவியின் அண்ணன் வந்து இறங்கினார். தங்கையின் முகத்தைப் பார்த்து அழுது முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்த கையோடு வேலையில் இறங்கினார். இடுகாடு அக்கரையில். அவளுடைய அம்மா அப்பாவுக்குப் பக்கத்திலேயே அக்கரைக்காரர்கள் அவளுக்கும் இடம் தயார் செய்துவிட்டார்கள். நெடுஞ்சாலைப் பாலத்துக்குப் போகும் சாலை இடுப்பளவு தண்ணீரில் கிடந்தது.

"கல்பாலம்தான் ஒரே வழி மாப்பிள்ளை. இருட்டுறதுக்குள்ள முடிச்சிரலாம்."

"அம்மா காப்பாத்தின பாலம்," என்றாள் மகள். "அம்மா அது மேலதான் போகணும்."

அப்போதுதான் இன்ஜினியர் பெண் வாசலில் வந்து நின்றாள். முழங்கால்வரை சேறு. உள்ளே வந்து, படுத்திருந்தவளின் பாதங்களைத் தொட்டுவிட்டு ஓரமாக நின்றாள். அவள் கண் ஆற்றுப் பக்கமே போய்ப் போய் வந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.

"பாலத்தை மூடிட்டியாம்மா?"

"ஆமா சார். காலையிலயே."

"மூடுறதுன்னா வண்டிக்குத்தானே?" என்றார் அண்ணன். "நாங்க தோள்ல தூக்கிட்டுப் போறோம்."

"நடக்கிறதுக்கும்தான் சார்."

"ஏம்மா, இவ்வளவு காலம் நின்ன பாலம், நாலு பேர் நடந்தா விழுந்துருமா?"

"விழாதுன்னுதான் நினைக்கிறேன். ஆனா நினைக்கிறதை நம்பி ஆளுங்களை விட முடியாது." என்றாள் அவள். "மேல தண்ணி போறது கண்ணுக்குத் தெரியுது. அடியில தூணைச் சுத்தி மண்ணைத் தோண்டிட்டுப் போகுதான்னு தெரியல. வேகம் குறைஞ்சதும் கயிறு விட்டு ஆழம் பார்த்துடறேன். அதுவரைக்கும்..."

"எங்க வீட்டுச் சாவுக்கே வந்து நின்னு..." அண்ணன் குரல் உயர்ந்தது.

"மச்சான்," என்றார் அவர். "கொஞ்சம் உக்காருங்க."

அவர் பஸ் ஓட்டியவர். அந்தப் பாலத்தில்தான் ரொம்ப நாள் ஓட்டினார். ஒரு வெள்ளத்தில், பஸ் நிறைய ஆட்களோடு வந்தவரைப் பாலத்து முனையில் கையை நீட்டி நிறுத்தியவள் இதே மனைவி. "டிரைவர் சார், பின்னாடி எடுங்க" என்றாள். முன்பின் தெரியாதவளைப் போல. காலையில் அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்த கை அது. பயணிகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "வீட்டுலயும் ரிவர்ஸ்தானா அண்ணே?" என்று ஒருவன் கேட்டான்.

அன்றைக்குப் பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு, நீரில் மூழ்கிப் பார்க்கிறவர் இறங்கினார். நடுத்தூணின் அடியில் ஓர் ஆள் படுத்துக்கொள்ளும் அளவுக்குப் பள்ளம் இருந்தது. பாறைகளைப் போட்டு அதை நிரப்பினார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையைச் சொல்லாத கல்யாண வீடு இல்லை. "ஊரே எனக்கு வழி விடும், எம்பொண்டாட்டி மட்டும் விடமாட்டா" என்பார். சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

"அவ இருந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பா மச்சான்," என்றார் இப்போது. "இன்னும் சத்தமா சொல்லியிருப்பா, அவ்வளவுதான். தண்ணி வடியட்டும். நமக்கென்ன அவசரம்? இன்னும் கொஞ்ச நேரம் நம்ம கூட இருக்கட்டுமே."

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, பாதியில் நின்ற பின்னலை முடிக்கத் தொடங்கினாள்.

மதியத்துக்குப் பிறகு ஆற்றங்கரைப் பக்கம் மோட்டார் சத்தம் கேட்டது. அவரும் மகளும் தெருமுனைவரை போய்ப் பார்த்தார்கள். கரையில் பெருங்கூட்டம். கண்களில் சிக்கிய மரங்களுக்குக் கொக்கி மாட்டி, இரும்புக் கயிறு கட்டி, டிராக்டரால் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். டிராக்டர் அன்றைக்கு அவளைத் திட்டிய அந்தக் கிடங்குக்காரருடையது. வயதான மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் நின்று கத்திக்கொண்டிருந்தார்: "மெதுவா இழுங்கடா! கல்லுல இடிச்சீங்க, தொலைச்சிருவேன்!"

ஒவ்வொரு மரமாக விலக, தேங்கி நின்ற தண்ணீர் கண்களுக்குள் சரசரவென்று இறங்கிப் போனது.

அவரைப் பார்த்ததும் கிடங்குக்காரர் மேலே ஏறி வந்தார். கையைச் சட்டையில் துடைத்தார்.

"அந்தம்மா அன்னைக்கு என் கிடங்கை எடுக்க வைக்கலைன்னா, இத்தனை தண்ணியும் ஊருக்குள்ள வந்திருக்கும். நேர்ல சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

"அவளுக்குத் தெரியும். உங்க திட்டு கொஞ்சநாளா குறைஞ்சிருச்சுன்னு சொல்லுவா."

கிடங்குக்காரர் சிரிக்கப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இன்ஜினியர் பெண் குண்டு கட்டிய கயிற்றை ஒவ்வொரு தூண் அருகிலும் இறக்கி, திரும்பத் திரும்ப ஆழம் பார்த்தாள். காவலாளி அவள் பின்னாலேயே போனார். வெயில் சாயத் தொடங்கியபோது அவள் வீட்டுக்கு வந்தாள்.

"மண்ணு அப்படியே இருக்கு சார். போட்ட பாறையும் அசையல. வண்டி வேண்டாம். தூக்குறவங்க முதல்ல போகட்டும். மத்தவங்க கொஞ்சம் கொஞ்சமா இடைவெளி விட்டு வாங்க."

"நீயும் முன்னாடி நடம்மா," என்றார் அண்ணன்.

முன் பக்கம் தோள் கொடுத்தார் அவர். பாலத்தின் கல் ஈரமாக, உறுதியாக இருந்தது. கீழே ஆறு பழுப்பாக ஓடியது. அக்கரையில் வரமுடியாமல் காத்திருந்த ஊர்க்காரர்கள் இருபுறமும் நின்றிருந்தார்கள். நடுத்தூணுக்கு மேலே வந்தபோது அவர் அடியை இன்னும் மெதுவாக வைத்தார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. வீட்டில் மகள் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். இன்ஜினியர் பெண், ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தவள், சேற்றுக் காலோடு அப்படியே தூங்கிப்போனாள். மகள் எழுப்பப் போனாள். அவர் வேண்டாம் என்று கையமர்த்தினார்.

அலமாரியிலிருந்து ஒரு போர்வையை எடுத்து அவள்மேல் போர்த்தினார். சமையலறைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்து, தீயைச் சின்னதாக்கி, பொங்கிச் சத்தம் வராமல் பார்த்தபடி பக்கத்திலேயே நின்றார்.