பாடும் மூட்டை

படார் என்று ஒரு சத்தம். டீக்கடையில் நின்றவர்கள் லாரி டயர் வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். திரும்பிப் பார்த்தால், வேகத்தடைக்கு அந்தப் பக்கம் எபினேசரின் மடக்கு சைக்கிள் தானாகவே மடங்கி, முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கிடந்தன. எபினேசர் கீழே விழவில்லை. ஒற்றைக் கையில் கைப்பிடியைப் பிடித்தபடி, பஸ்சிலிருந்து தவறான நிறுத்தத்தில் இறங்கியவர் போல நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மொதலாளி, வண்டிக்குத் தூக்கம் வந்துருச்சா?" என்றார் டீ மாஸ்டர் மொக்கையன்.

"மடங்குறதுக்குன்னே செஞ்ச வண்டி அப்பு. மடங்கத்தான் செய்யும்."

"அதுக்கு நீங்க எறங்குன பெறகு மடங்கக் கூடாதாக்கும்?"

எபினேசர் குனிந்து, கட்டிப்பிடித்த சக்கரங்களைப் பிரித்து நிமிர்த்தினார். சட்டைப் பையிலிருந்து சாக்குத் தைக்கிற சணலை எடுத்து, சைக்கிளின் நடுக்கொக்கியை இறுக்கிக் கட்டினார். சணல் இப்போதெல்லாம் எப்போதும் அவர் பையில் இருந்தது.

எபினேசருக்குப் போடியில் ஏலக்காய் ஸ்டோர். மலையிலிருந்து இறங்கும் காயைச் சலித்து, பெண்களை வைத்துப் பொறுக்கித் தரம் பிரிக்கிற தொழில். உட்கார்ந்து பார்க்கிற தொழில் என்பதால் வயிறு முன்னால் போனது. சர்க்கரை மேலே போனது. டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். சாதாரண சைக்கிள் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஜோயல் போனில் ஒரு படம் அனுப்பினான். அதில் கோட்டு போட்ட ஒருவன் சைக்கிளைக் குடை மாதிரி மடக்கி, சிரித்துக்கொண்டே ரயிலேறினான். எபினேசர் அந்தச் சிரிப்பில் விழுந்துவிட்டார்.

வந்து சேர்ந்த சைக்கிளைத் தூக்கினால் சிரிப்பு வரவில்லை, இடுப்புதான் பிடித்தது. சின்னச் சக்கரம். மற்ற வண்டிகள் தாண்டிப் போகிற பள்ளத்தில் எல்லாம் இது இறங்கி, நலம் விசாரித்துவிட்டுத்தான் ஏறியது. அவர் மூச்சு வாங்க மிதிக்கும்போது பால்காரர் பேசிக்கொண்டே முந்திப் போனார். கொக்கியோ, வீட்டில் மடக்க உட்கார்ந்தால் சுத்தியல் இல்லாமல் அசையாது. வேகத்தடையைக் கண்டால் மட்டும் தானாகக் கழன்றுகொள்ளும்.

இதெல்லாம் மனைவி தேவகிருபைக்குத் தெரியக்கூடாது. காரணம் உண்டு. சைக்கிள் வந்த மறுநாளே எபினேசர் அவளிடம், "இனிமே பெட்ரோல் வண்டி எதுக்கு? ஸ்கூட்டரை யாருக்காச்சும் தள்ளிவிட்டுரு" என்று சொல்லிவிட்டார். அவள் பின்னால் உட்கார்ந்து கோயிலுக்கும் கடைக்கும் போய்வந்த ஸ்கூட்டர் அது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், இரண்டே நாளில் விற்றாயிற்று என்றாள். இப்போது நடந்துதான் போகிறாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்கிற நேரம் வந்தது. எழுந்து நின்றார். "தினமும் குரங்கணி வரைக்கும் சைக்கிள் மிதிக்கிறேன். முழங்கால் வலி பறந்துபோச்சு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. ஆயர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சபைக்கு முன்னால் சொன்ன சாட்சியை எப்படித் திரும்ப வாங்குவது? தேவகிருபை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாளே!

தினமும் மலையடிவாரத்துக் குரங்கணி வரைக்கும் போனது உண்மைதான். சின்ராசுவின் ஜீப்பில் போனார். ஊர் எல்லை மாந்தோப்பு வரைக்கும் மிதிப்பார். அங்கே சைக்கிளைக் கல்லால் தட்டி மடக்கி, ஆள் பார்க்காமல் இருக்க ஏலக்காய்ச் சாக்குக்குள் திணித்து வாயைக் கட்டி, தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பில் போட்டுவிடுவார். குரங்கணியில் இரண்டு வடை, ஒரு டீ. திரும்பும்போது அதே மாந்தோப்பில் இறங்கி, முகத்தில் தண்ணீரை வியர்வையாகத் தெளித்துக்கொண்டு வீட்டுக்கு மிதிப்பார்.

"அண்ணே, இம்புட்டுப் பாடு படுறதுக்கு வண்டியை வீட்டுலயே போட்டுட்டு வரலாம்ல?" என்று சின்ராசு ஒருநாள் கேட்டான்.

"போடிக்குள்ள நாலு பேரு பாக்கணும்ல மாப்ளே!"

டீக்கடை முன்னால் சைக்கிள் மடங்கிய அந்தக் காலையிலும் எல்லாம் வழக்கப்படியே நடந்தது, திரும்பி வரும் வரையில். குரங்கணியில் சின்ராசு ஜீப்பு நிறைய ஏலக்காய் மூட்டை ஏற்றினான். எபினேசர் ஸ்டோருக்கே போகிற லோடு. மாந்தோப்பை நெருங்கினால், மரத்தடியில் ஆயர் பைக்கை நிறுத்திவிட்டுப் போன் பேசிக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டாதே! போ, போ!" என்று எபினேசர் சீட்டுக்குக் கீழே குனிந்தார். கொஞ்சம் தள்ளி, வளைவில் குதித்து இறங்கி, "வெரசாப் போயிரு, நிக்காதே!" என்று ஜீப்பைத் தட்டி அனுப்பினார்.

ஜீப்பு வெரசாகவே போய்விட்டது. தூசி அடங்கிய பிறகுதான் இரண்டு கையும் காலியாக இருப்பது அவருக்குத் தெரிந்தது.

சின்ராசுவுக்குப் போன் போடலாம் என்று சட்டைப் பையைத் தடவினார். சணல்தான் வந்தது. போன் சைக்கிள் கைப்பிடியில் மாட்டியிருந்த பைக்குள் இருந்தது. சைக்கிள் மூட்டைக்குள். மூட்டை ஜீப்பில். ஜீப்பு போகிற இடத்தில், காய் பொறுக்கும் பெண்களுக்கு நடுவே இந்நேரம் தேவகிருபை உட்கார்ந்திருப்பாள். வந்த மூட்டையில் கையை விட்டுக் காயை அள்ளிப் பார்ப்பது அவள் கண்முன்னால்தான்.

எபினேசர் ஓடினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். டீக்கடையைத் தாண்டும்போது, "மொதலாளி, வண்டி முன்னாடி போயிருச்சா?" என்று மொக்கையன் கேட்டது பாதிதான் காதில் விழுந்தது.

ஸ்டோர் வாசலில் வந்து நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே வேலை நடக்கவில்லை. பெண்கள் எல்லாரும் ஒரு மூட்டையைச் சுற்றி நின்றார்கள். அந்த மூட்டை கீர்த்தனை பாடிக்கொண்டிருந்தது. எபினேசரின் போன் மணி.

தேவகிருபை தன் போனைக் காதில் வைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் அழைப்பைத் துண்டித்தாள். மூட்டை பாட்டை நிறுத்தியது.

"ஆத்தாடி, காய் பாடுறதை இன்னைக்குத்தான் கேக்குறேன்" என்றாள் காய் பொறுக்கும் சுந்தரம்மாள். அவள் கையெல்லாம் சைக்கிள் செயினின் கறுப்பு எண்ணெய். "ஈரக் காயான்னு பாக்கக் கையை விட்டேன் மொதலாளி. கடிச்சுருச்சு."

"சைக்கிளை எங்கங்க விட்டுட்டு வர்றீங்க?" தேவகிருபை மெதுவாகக் கேட்டாள்.

"வெளியில... வாசல்ல நிப்பாட்டியிருக்கேன்."

ஒருத்தி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தாள். பயனில்லை. மூட்டையின் கிழிசல் வழியே பெடல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டு, வாங்க என்று கூப்பிட்டது. எபினேசர் பக்கத்து மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"முடியல கிருபை. ஒருநாளும் முடியல. உன் ஸ்கூட்டரையும் வித்து, சபையில எந்திரிச்சு சாட்சியும் சொல்லி... எந்த மூஞ்சியை வச்சு உங்கிட்ட சொல்லுவேன்?"

தேவகிருபை அவர் நெற்றியைச் சேலை முனையால் துடைத்தாள். துடைத்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"தண்ணியில்ல. இன்னைக்கு நெஜ வேர்வை" என்றாள் சுந்தரம்மாளிடம். பிறகு இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம். ஸ்கூட்டரை நான் விக்கவே இல்ல, நீங்க விக்கச் சொன்ன அன்னைக்கே நம்ம சபை ஜாக்குலின் வீட்டுல போர்வை போட்டு மூடி வச்சுட்டேன்."