கடைசி இடம் அம்மாவுக்கு

கால்நடை மருத்துவக் கல்லூரியின் தேர்வுப் பட்டியல் வெளியான அன்று காலை, அந்த வீட்டில் யார் முகத்தை யார் பார்ப்பது என்று தெரியவில்லை. மொத்தம் அறுபது இடங்கள். அறுபதாவது பெயர் அம்மாவுடையது. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, காத்திருப்போர் பட்டியலின் முதல் பெயர் மகளுடையது. அம்மாவுக்கு எழுபத்தாறு புள்ளி, மகளுக்கு எழுபத்தைந்து.

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த அப்பா, சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே கைபேசியை வாங்கிப் பார்த்தார். மேலும் கீழும் இரண்டு முறை நகர்த்தினார்.

"ஒருத்தருக்குக் கை குடுத்தா இன்னொருத்தர் மூஞ்சிய தூக்கி வெச்சுக்குவீங்க. நான் வேலைக்குக் கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே படியிறங்கிப் போய்விட்டார்.

அம்மாவை அவள் வேலைபார்த்த விலங்கு மருத்துவமனையில் எல்லோரும் 'அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த டாக்டரம்மாவும் அப்படித்தான். கூண்டு கழுவும் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். போகப் போக, மிரண்ட நாயை அடக்கிப் பிடிப்பது, ஊசிக்கு மருந்து எடுத்து வைப்பது, அறுவைக்கு முன் மயிர் மழிப்பது என்று எல்லாம் அவள் கைக்கு வந்தன. டாக்டராக வேண்டும் என்ற ஆசையும் கூடவே வந்தது. அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மாலைப் பள்ளியில் சேர்ந்து, விட்டுப்போன அறிவியல் பாடங்களை எழுதினாள். வேதியியல் மட்டும் தலையில் ஏறவே இல்லை. அதைச் சொல்லிக்கொடுத்தவள் மகள். மகள் படிப்பில் புலி.

விண்ணப்பத்தைப் போட்டவளும் மகள்தான். தனக்குப் போட்ட கையோடு, "உனக்கும் ஒண்ணு போட்டு வெக்கறேம்மா. கிடைக்கலைன்னா சிரிச்சுட்டுப் போவோம்" என்றாள். கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்று அன்றைக்கு இருவருமே யோசிக்கவில்லை.

கணக்கு இதுதான். பரீட்சை மதிப்பெண்ணுக்கு அறுபது புள்ளி, விலங்குகளோடு வேலைசெய்த அனுபவத்துக்கு இருபத்தைந்து, நேர்காணலுக்குப் பதினைந்து. மதிப்பெண்ணில் மகள் ஐம்பத்தேழு வாங்கியிருந்தாள், அக்கா நாற்பத்தொன்று. நேர்காணலில் ஒரு புள்ளி மகளுக்குத்தான் கூடுதல். ஆனால் அனுபவத்தில் அக்காவுக்கு இருபத்துநான்கு. விடுமுறையில் கொஞ்ச நாள் விலங்குக் காப்பகத்துக்குப் போய்வந்த மகளுக்கு ஆறு.

மத்தியானம் அக்காவின் கூடப்பிறந்த தம்பி வந்தான். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அக்கா மகள் என்றால் அவனுக்கு உயிர். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"அக்கா, எப்ப போய் எழுதிக் குடுக்கப் போற?"

"எதை?"

"எனக்கு வேணாம்னு. நீ விலகினா அடுத்த பேரு அவளோடது. விஷயம் முடிஞ்சிடும்."

"முடிச்சே வெச்சுட்டியா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நீ படிச்சு வெளிய வரும்போது உனக்கு நாப்பத்தஞ்சு தாண்டிடும். அவளுக்கு வாழ்க்கையே இப்பதான் ஆரம்பிக்குது. பெத்த தாய் பொண்ணுக்கு விட்டுக்குடுக்காம வேற யாரு விட்டுக்குடுப்பா?"

அக்கா பிடிகொடுக்கவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்து அனுப்பிவைத்தாள். அறைக்குள் மகள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். மாமன் பேசியது காதில் விழாமல் இருந்திருக்காது. 'மாமா, சும்மா இருங்க' என்று ஒரு குரல் வரும் என்று அக்கா காத்திருந்தாள். வரவில்லை. அதுதான் அவளுக்கு நெஞ்சில் தைத்தது.

மறுநாள் அவள் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்குப் போனாள். விலகிவிடலாம் என்று பாதி மனசு, கூடாது என்று பாதி மனசு. ஜலதோஷத்தோடு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த அதிகாரி, பட்டியலில் அவள் காட்டிய இரண்டு பெயர்களையும் பார்த்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார்.

"நான் விலகினா என் பொண்ணுக்குக் கிடைக்குமா சார்?"

"கிடைக்கும். அவங்கதானே அடுத்தது."

"அப்படின்னா ஒண்ணு கேக்கறேன். அவ மார்க்கு எங்க, என் மார்க்கு எங்க. என்னை எப்படி மேல போட்டீங்க?"

அதிகாரி சிரித்தார். "முன்னாடி மார்க்கை மட்டும்தாம்மா பார்த்தோம். எல்லாம் நல்லாப் படிக்கற பசங்க. ஒரு மாடு கன்னு போடறதைப் பக்கத்துல நின்னு பார்த்ததும் பாதிப் பேரு வேற படிப்புக்கு ஓடிட்டாங்க. இடம் காலியா கிடந்தது. அதனாலதான் அனுபவத்துக்குப் புள்ளி வெச்சோம். அதுக்காக மார்க்கு வேணாம்னு இல்லை. நூத்துல அறுபது புள்ளி அதுக்குத்தான். நீங்களும் நாப்பத்தொண்ணு எடுக்கலைன்னா இங்க உக்காந்திருக்க மாட்டீங்க." ஒரு தும்மல் போட்டுவிட்டுக் கேட்டார்: "விலகறீங்களா?"

"இல்லை சார்" என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு திடமாக இருந்தது என்று அவளுக்கே தெரிந்தது. சேர்க்கைக்கான காகிதங்களில் அங்கேயே கையெழுத்துப் போட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மகளின் கதவைத் தட்டினாள்.

"கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்."

மகள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. "எனக்குத் தெரியும். நீ போன வேகத்தைப் பார்த்தே தெரிஞ்சுது. உனக்கு எதுக்கும்மா இது, இந்த வயசுல?"

"உனக்கு எதுக்கோ, அதுக்குத்தான்."

"நான்தானே உனக்குச் சொல்லிக்குடுத்தேன்!"

"ஆமா. நல்லாச் சொல்லிக்குடுத்த. அதான் பாஸாயிட்டேன்."

மகளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது; உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இங்க பாருடி. நான் விட்டுக்குடுத்தா, அஞ்சு வருஷமும் நீ என் நாற்காலியிலதான் உக்காந்திருப்ப. ஒரு பரீட்சையில தவறினாக்கூட, அம்மா இடத்தைப் பாழாக்கிட்டோமேன்னு அழுவ. நானும் சொல்லிக் காட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ண முடியாது. என் வாயைப் பத்தி உனக்கே தெரியும். உன் ஐம்பத்தேழை யாராலும் பிடுங்க முடியாது, அடுத்த வருஷமும் அது அப்படியேதான் இருக்கும். குறைச்சலா இருக்கறது அனுபவத்துக்குக் குடுத்த அந்த ஆறுதான். அதை ஏத்திக்கலாம்."

"எங்க போய் ஏத்தறது? காப்பகத்துல எப்பவாச்சும்தான் கூப்பிடறாங்க."

"என் வேலை காலியாகுது இல்ல?"

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் தானாகவே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். அக்காவிடம் சொல்லாமல்தான் செய்தாள். டாக்டரம்மா சொல்லித்தான் அக்காவுக்கே தெரியும்.

அந்த வருஷம் அந்த வீட்டில் எல்லாமே தலைகீழ். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள். மகள் வேலைக்குப் போனாள். முதல் வாரமே ஒரு கடுவன் பூனை மகளின் முழங்கையைப் பிராண்டிவிட்டது. கூண்டு கழுவிவிட்டு வந்தால் கையில் வாடை போகவில்லை என்று சாப்பாட்டைத் தள்ளிவைத்தாள். "நாளைக்குப் போக மாட்டேன்" என்று வாரத்துக்கு இரண்டு தடவை சொன்னாள். ஆனால் ஒரு நாளும் போகாமல் இருந்ததில்லை. வண்டியில் அடிபட்டு வந்த ஒரு நாய்க்குட்டியைப் பகல் முழுக்க மடியில் வைத்திருந்து, அது கண்ணெதிரே செத்துப்போன அன்று, வீட்டுக்கு வந்து அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். அடுத்த நாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கிளம்பினாள்.

அக்காவின் பாடும் சுலபமாக இல்லை. எலும்பு, நரம்புப் பெயர்கள் ஒன்றும் வாயில் நுழையவில்லை. முதல் பருவத்தில் உயிர்வேதியியலில் கோட்டைவிட்டாள். மகள் தானாக வந்து பாயில் உட்கார்ந்து, "எங்க புரியலை, காட்டு" என்றாள். மறுதேர்வில் அக்கா தேறினாள்.

அடுத்த ஆண்டுப் பட்டியலில் மகளின் பெயர் மூன்றாவதாக இருந்தது. அனுபவத்துக்குப் பத்தொன்பது புள்ளி போட்டிருந்தார்கள். "பத்தொன்பதுதானா? அந்தப் பூனைக்கே தனியா ரெண்டு தரணும்" என்று மகள் சண்டைக்கு நின்றாள். தம்பி இனிப்போடு வந்தான். போன வருஷம் பேசியதைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை, அக்காவும் அதைக் கிளறவில்லை. அப்பா இந்த முறை தயங்காமல் இருவருக்கும் கை கொடுத்தார்.

கல்லூரி திறந்த அன்று அம்மாவும் மகளும் ஒரே பேருந்தில் போனார்கள். வாசல் வந்ததும் அக்கா நின்றாள்.

"நான் சீனியர். என் கூட்டாளிங்க முன்னாடி அம்மா கிம்மான்னு கூப்பிட்டுக்கிட்டு வந்து நிக்காத" என்றாள்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்று சொல்லிவிட்டு, மகள் முதலாண்டு வகுப்பு இருந்த பக்கம் விறுவிறுவென்று நடந்தாள்.